ஒலிபெருக்கியின் குறையும் உத்தரவாதத்தின் வரலாறும்: கற்பிட்டியை முன்வைத்து ஒரு நோக்கு

விற்கப்பட்ட பொருளில் மறைந்து கிடக்கும் குறைக்குப் பொறுப்பாளி யார் என்னும் வினா வணிகத்தோடு உடன்பிறந்ததாகும். கண்ணுக்குப் புலனாகும் குறையைப் பற்றிப் பெரும் பிணக்கு எழுவதில்லை. வாங்குவோன் அதனைக் கண்டு விலையைக் குறைத்துக் கேட்கலாம். அன்றேல் வாங்காது விடலாம். வாங்கிச் சென்ற பின்னர் வெளிப்படும் குறையே வழக்கிற்கு இடமாகின்றது. அக்குறை விற்பனைக்கு முன்னரே பொருளில் இருந்ததா, வாங்கியவனின் பயன்பாட்டால் பின்னர் நேர்ந்ததா என்பதை அறிந்தாலன்றிப் பொறுப்பை வரையறுத்தல் இயலாது.

பண்டைக்காலத்தில் இவ்வினா மாட்டையும் குதிரையையும் அடிமையையும் பற்றி எழுந்தது. இக்காலத்தில் மின்கருவிகளைப் பற்றி எழுகின்றது. அவற்றுள் ஒலிபெருக்கி தனித்து ஆராயத்தக்கது. அதன் குறை ஊரார் அனைவரின் செவிக்கும் புலனாகும்; அக்குறையின் காரணமோ காந்தத்தின் இடுக்கிலே மறைந்து கிடக்கும். உத்தரவாதத்தின் வரலாறு ஒரு வாக்குறுதியின் வரலாறு மட்டுமன்று. குறையின் தோற்றுவாயை எடுத்துரைக்கும் உரிமை யாரிடம் இருந்து வந்தது என்பதன் வரலாறுமாகும். இவ்வுண்மையை விளக்குதற்குக் கற்பிட்டி பொருத்தமான களமாய் அமைகின்றது.

கற்பிட்டியும் ஒலிபெருக்கியும்

இலங்கையின் வடமேற்குக் கரையில், ஒருபுறம் புத்தளம் கடனீரேரியும் மறுபுறம் பெருங்கடலும் சூழ நீண்டு கிடக்கும் குடாநாட்டில் கற்பிட்டி அமைந்துள்ளது. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிலிருந்து 1676ஆம் ஆண்டு வரை கட்டியெழுப்பிய கோட்டை இன்றும் அங்கு நிற்கின்றது. ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு பிறந்த ஊரும் இதுவே. மீன்பிடியும் மணற்பாங்கான நிலத்துத் தோட்டச் செய்கையும் இப்பகுதி மக்களின் முதன்மையான தொழில்கள். முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் செறிந்து வாழும் இக்குடாநாட்டில், 1990இல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பலரும் வந்து குடியமர்ந்தனர்.

இத்தகைய கரையோரச் சமூகத்தில் ஒலிபெருக்கி ஆடம்பரப் பொருளன்று. பள்ளிவாசலின் பாங்கும் மரண அறிவித்தலும் அதன் வழியாகவே வீடுகளைச் சென்றடைகின்றன. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச், ஓகஸ்ற் மாதங்களில் நடைபெறும் திருவிழாக்களிலே திரளும் பெருங்கூட்டத்தை அதுவே ஒழுங்குபடுத்துகின்றது. கடலுக்குச் செல்வோர்க்குக் காற்றும் கொந்தளிப்பும் பற்றிய எச்சரிக்கையைக் கரையில் நின்று உரக்கச் சொல்வதற்கும் அதுவே துணை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலையின் பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது; இலங்கையின் கரையோரங்களில் ஒலிபெருக்கி பொருத்திய எச்சரிக்கைக் கோபுரங்களும் நிறுவப்பட்டன. வேண்டிய வேளையில் ஒலிபெருக்கி வாய்திறவாதிருப்பது கரையோர மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையும் ஆகலாம் என்பதற்கு இதுவே சான்று.

ஒலிபெருக்கியை நாடும் இக்கரையே அதற்குப் பகையாகவும் விளங்குகின்றது. உப்புச் செறிந்த கடற்காற்று செம்புக் கம்பியிற் களிம்பேற்றும். காந்தத்தைச் சூழ்ந்த இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். காகிதக் கூம்பை ஈரத்தால் தளரச் செய்யும். ஆகவே, கொழும்பில் வாங்கப்பட்டுக் கற்பிட்டியிற் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கி ஒன்று சில திங்களில் பழுதுறுமாயின், பழுதுக்குக் காரணம் செய்தவரா, கடற்காற்றா, கையாண்டவரா என்னும் வினா இயல்பாகவே எழும்.

கருவியின் தோற்றம்

காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளினூடு மின்னைச் செலுத்தினால் அச்சுருள் அசையும் என்னும் தத்துவத்தை அடிப்படையாகக் கொண்ட அமைப்பொன்றுக்கு ஜெர்மனியரான ஏர்ணஸ்ற் வேர்ணர் சீமென்ஸ் 1874இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிரித்தானிய அறிஞர் ஒலிவர் லொட்ஜ் 1898இல் அசையும் சுருள் ஒலிபெருக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், மின்சைகையைப் போதிய அளவு பெருக்கும் விரியலாக்கி அந்நாளில் இல்லாமையால் அக்கருவி பெரும்பயன் தரவில்லை. கலிபோர்னியாவில் பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் 1915இல் தமது ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினர். 1919இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வூட்ரோ வில்சன் சான்டியாகோ நகரிலே பெருங்கூட்டத்தின் முன் ஒலிபெருக்கியின் துணைகொண்டு உரையாற்றினார். செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் ஆகிய பொறியியலாளர் இருவர் 1925இல் வெளியிட்ட ஆய்வு, இன்றுவரை வழங்கும் கூம்பு ஒலிபெருக்கியின் அமைப்பை நிலைநிறுத்தியது.

அதே 1925ஆம் ஆண்டிலேயே கொழும்பு வானொலியும் முறையாகத் தொடங்கப்பெற்றது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் அதற்கு முன்னரே பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தியிருந்தார். செவியிற் கருவியைப் பொருத்தித் தனித்துக் கேட்ட நிலை மாறிப் பலர் கூடியிருந்து கேட்கும் நிலை உருவானமைக்கு ஒலிபெருக்கியே காரணமாகும்.

இந்நூற்றாண்டுக்கால வளர்ச்சியில் காந்தமும் பசையும் கூம்பின் பொருளும் மாறியுள்ளனவேயன்றி அடிப்படை மாறவில்லை. நிலைக்காந்தம், அதன் ஒடுங்கிய இடைவெளியில் அசையும் குரற்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு அல்லது மென்றகடு, மின்னைச் சுருளுக்குக் கொண்டுசெல்லும் நெகிழ்கம்பி ஆகியவையே ஒலிபெருக்கியின் உறுப்புகள். பள்ளிவாசல், தேவாலயம், திடல் முதலிய இடங்களிற் காணப்படும் குழாய் வடிவ ஒலிபெருக்கியில் மென்றகடும் சுருளும் அடங்கிய பகுதி தனியே கழற்றக்கூடியதாய் இருக்கும். உறுப்புகள் சிலவேயாதலின், குறைகளையும் எண்ணி வகுத்துவிடலாம்.

குறையை அறியும் முறை

முதலில் அறியவேண்டுவது குறை ஒலிபெருக்கியில் உள்ளதா என்பதே. ஒலிவாங்கி, விரியலாக்கி, இணைப்புக் கம்பி ஆகியவற்றுள் எது பழுதுற்றாலும் பழி ஒலிபெருக்கியின் மீதே விழும். எனவே, ஐயத்திற்குரிய ஒலிபெருக்கியை நன்கு இயங்கும் வேறொரு விரியலாக்கியுடன் இணைத்துப் பார்த்தல் வேண்டும்; அதன் இடத்தில் நன்கு இயங்கும் வேறொன்றைப் பொருத்தியும் பார்த்தல் வேண்டும். ஒலிபெருக்கி செல்லுமிடமெங்கும் குறையும் உடன்செல்லுமாயின் குறை அதனுடையதே. பழைய இடத்திலேயே குறை தங்கிவிடுமாயின் அது வேறொன்றினுடையது.

அடுத்து, இணைப்பு முற்றாகக் கழற்றப்பட்ட நிலையில் பல்மானியால் சுருளின் தடையை அளத்தல் வேண்டும். 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி நேரோட்டத்துக்கு ஏறக்குறைய 6 ஓம் காட்டுதல் இயல்பு. 8 ஓம் என்பது ஆடலோட்டத்துக்குரிய தடங்கலாதலின் இவ்வேறுபாட்டைக் குறை என மயங்கலாகாது. மானி முடிவிலியைக் காட்டினால் சுருளோ, நெகிழ்கம்பியோ, பற்றாசு வைத்த இடமோ அறுந்துள்ளது. பூச்சியத்தை அண்மினால் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுள்ளன. நீண்ட கம்பித் தொடருக்கென நிலைமாற்றி பொருத்தப்பட்ட குழாய் ஒலிபெருக்கியில் மானி காட்டுவது நிலைமாற்றிச் சுருளின் தடையையே. நிலைமாற்றியைப் பிரித்து அளந்தாலன்றிக் குரற்சுருளின் நிலை தெரியவராது.

மானி கிடைக்காதவிடத்து 1.5 வோல்ற்று மின்கலமொன்றே போதும். அதன் இரு முனைகளையும் ஒலிபெருக்கியின் முனைகளிற் கணப்பொழுது தொட்டால் ‘டப்’ என்ற ஓசை எழும். கூம்பும் சிறிது அசையும். ஓசை எழுமாயின் சுருள் அறவில்லை. ஒலி எழுந்தும் அது கரகரப்பாயின், கூம்பை விரல்களாற் சமமாக அழுத்தி மெல்ல விடுதல் வேண்டும். உராய்வோசை கேட்குமாயின் சுருள் நடுநிலை பிறழ்ந்துள்ளது; அல்லது காந்த இடைவெளியில் துருத்துகள் புகுந்துள்ளது. ஒலி விட்டுவிட்டு வருமாயின் நெகிழ்கம்பியையும் களிம்பேறிய முனைகளையும் ஐயுறல் வேண்டும்.

இவ்வளவில் குறை எது என்பது தெளிவாகின்றது. ஆயின், குறை எவ்வாறு நேர்ந்தது என்பது வேறு வினா. சுருள் கருகியிருப்பின் அது தாங்கும் அளவுக்கு மிஞ்சிய மின் சென்றுள்ளது எனக் கொள்ளப்படும். சிறிய விரியலாக்கியை அதன் ஆற்றலுக்கு மேல் முடுக்கும்போதும் இது நேரலாம். அலைகளின் முகடுகள் தட்டையாகிச் சுருளிற் சூடு பெருகுவதே அதற்குக் காரணம். சுருள் நிறம் மாறாதிருக்க, பசை மட்டும் விட்டிருப்பின் அல்லது காந்தம் இடம்பெயர்ந்திருப்பின் செய்முறைக் குறை என ஐயுறுதற்கு இடமுண்டு. எனினும் கீழே விழுந்த அதிர்ச்சியும் அதனை விளைவிக்கக்கூடும். துருவோ இரு தரப்பாரும் தத்தமக்குச் சார்பாகக் காட்டத்தக்க சான்றாகும். கடற்காற்றே காரணம் என விற்றவர் கூறுவார். வெளியிடத்துக்கெனத் தந்த பொருள் கடற்காற்றைத் தாங்கியிருத்தல் வேண்டும் என வாங்கியவர் கூறுவார்.

ஈண்டு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. சுருள் கருகியதா இல்லையா என்பதைக் காண்பதற்கு உறையைத் திறத்தல் வேண்டும். உறையைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாதெனப் பல உத்தரவாதச் சீட்டுகள் விதிக்கின்றன. சான்று உள்ளே கிடக்க, அதனைக் காணும் உரிமை ஒரு தரப்பாரிடம் மட்டும் இருந்துவிடுகின்றது. சட்ட வரலாற்றில் இம்முரண்பாடு எவ்வாறு கையாளப்பட்டது என்பதை அறிதற்குக் கற்பிட்டிக் கோட்டையின் காலத்துக்கும் அதற்கு முந்திய உரோமபுரிக்கும் செல்லவேண்டியுள்ளது.

உரோமச் சந்தையிலிருந்து கற்பிட்டிக் கோட்டைக்கு

பழைய உரோமில் சந்தைகளைக் கண்காணித்த அதிகாரிகள் அடிமை, கால்நடை ஆகியவற்றின் விற்பனை பற்றி ஆணை பிறப்பித்தனர். நோயையும் குறையையும் விற்போன் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். அறிவியாத குறை பின்னர் வெளிப்பட்டால், அவன் அதனை அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும் பொறுப்பாளியே என்பது அவ்வாணையின் சாரம். வாங்கியவன் ஆறு திங்களுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையை மீளப்பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் குறைக்கேற்ப விலைக்குறைப்பைக் கோரலாம். மனிதரையும் பண்டமாக்கி விற்ற கொடிய வழக்கத்தினூடே பிறந்த விதியாயினும், இன்றைய உத்தரவாதச் சீட்டின் கருவை இதிற் காணலாம். கி.பி. 533இல் யுஸ்தீனியன் பேரரசன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இது இடம்பெற்றது.

வணிகரின் நேர்மையைப் போற்றும் மரபு தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை சிறப்பித்துக் கூறுகின்றது. ஆயின், வணிகரின் நற்குணத்தைப் போற்றுதல் வேறு. நற்குணம் இல்லாதவிடத்தும் வாங்கியவனுக்குப் பரிகாரம் கிடைக்கச் செய்தல் வேறு. உரோமரின் ஆணை பின்னதைச் செய்தது.

உரோமச் சட்டத்தைத் தம் நாட்டு வழக்கோடு இணைத்து வளர்த்த ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களை ஆண்டபோது அச்சட்டத்தையும் கொண்டுவந்தனர். 1795இல் கற்பிட்டிக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. எனினும், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வாயிலாக, ஒல்லாந்தர் காலத்துச் சட்டம் தொடர்ந்து நிலவுவதற்கு ஆங்கிலேயர் இடமளித்தனர். சைமன் காசிச்செட்டி பிற்காலத்திற் சிலாபத்தில் நீதிபதியாகக் கடமையாற்றியபோது, மறைந்த குறை பற்றிய விற்பனை வழக்குகளுக்கு இத்தீவில் அடிப்படையாயிருந்தது உரோமன் டச்சுச் சட்டமே. கோட்டையின் பீரங்கிகள் ஓய்ந்த பின்னரும் கோட்டையைக் கட்டியோரின் சட்டம் ஓயவில்லை.

1896ஆம் ஆண்டின் திருப்பம்

1893இல் பிரித்தானியாவில் இயற்றப்பட்ட பொருள் விற்பனைச் சட்டத்தைப் பின்பற்றி, இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அன்றுதொட்டு அசையும் பொருள்களின் விற்பனை இதற்கு உட்பட்டது. நிலமும் வீடும் உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழேயே தொடர்ந்தன. ஒரே ஊரில், சுவரில் மறைந்த வெடிப்புக்கு ஒரு சட்டமும் அச்சுவரில் தொங்கும் ஒலிபெருக்கியில் மறைந்த வெடிப்புக்கு வேறொரு சட்டமுமாயின.

இக்கட்டளைச் சட்டத்தின் தொடக்கநிலை, பொருளின் தரத்துக்கு விற்போன் பொதுவாகப் பொறுப்பாளியல்லன் என்பதே. அதற்கு முக்கியமான விலக்குகள் இரண்டு உண்டு. வாங்குவோன் தன் குறித்த நோக்கத்தை விற்போனுக்கு உணர்த்தி, அவனது அறிவை நம்பி வாங்குவானாயின், பொருள் அந்நோக்கத்துக்குப் பொருந்துதல் வேண்டும். வணிகனிடம் விவரணப்படி வாங்கப்பட்ட பொருள் விற்பனைக்கேற்ற தரமுடையதாய் இருத்தல் வேண்டும். ஆயின், வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய பொருளுக்கு முதல் விலக்குப் பொருந்தாது. வாங்குவோன் சோதித்திருப்பின், அச்சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு இரண்டாம் விலக்குப் பொருந்தாது.

இவ்விதிகளின் பயன் கற்பிட்டியில் வைத்து நோக்கும்போது தெளிவாகும். மீனவர் சங்கமொன்று ஒலிபெருக்கி வாங்குவதாகக் கொள்வோம். கடற்கரையில் திறந்த வெளியிற் பொருத்துவதற்கு ஏற்றது வேண்டும் என வணிகரிடம் கூறி, அவர் தெரிந்து தந்ததை வாங்கியிருப்பின், கடற்காற்றால் விளைந்த துரு வணிகருக்குத் தப்பும் வழியாகாது. அவரே விடைகூற வேண்டிய குறையாகும். இன்ன பெயருடைய ஒலிபெருக்கி வேண்டும் எனக் கேட்டு மட்டும் வாங்கியிருப்பின் நிலைமை மாறிவிடும். கடைவாயிலிற் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தில், பற்றுச்சீட்டில் எழுதப்பட்ட ஒரு வரியில், பொறுப்பு இடம்மாறுகின்றது.

மேலும், இக்கட்டளைச் சட்டம் உணர்த்தும் பொறுப்புகளை உடன்படிக்கையால் விலக்கிக்கொள்ள இடமளித்தது. உத்தரவாதச் சீட்டு என இன்று வழங்கும் தாள் இவ்விடத்திலே முகம் மாறியது. பொறுப்பை ஏற்பதாகத் தோன்றிய அத்தாளே, ஏற்கப்படாத பொறுப்புகளின் பட்டியலாகவும் பயன்பட்டது. இந்நிலைக்கு எல்லை வகுக்கும் பொருட்டு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இயற்றப்பட்டது.

முறையீட்டின் காலம்

நீதிமன்றம் செல்ல இயலாத சிறு வாங்குவோனுக்கு வேறு வழி வேண்டும் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் வலுப்பெற்றது. அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட சட்டம், எழுத்திலான உத்தரவாதம் விளங்கும் மொழியில் அமைதல் வேண்டும் எனவும், முழுமையானதா வரையறுக்கப்பட்டதா எனத் தெரிவித்தல் வேண்டும் எனவும் விதித்தது. அதனைக் காக்கும் ஆணைக்குழு, முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் இல்லை என்னும் வகையிலான எச்சரிக்கைகள் சட்டத்துக்கு முரணாகலாம் என 2018இல் நிறுவனங்கள் சிலவற்றுக்கு அறிவித்தது. இந்தியாவின் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தக்க சோதனையின்றித் தீர்மானிக்க இயலாத குறையாயின் பொருளை ஆய்வுகூடத்துக்கு அனுப்புமாறு பணித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அம்முறையைப் பேணியது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் வேறொரு வழியை வகுத்தது. பொருள் கையளிக்கப்பட்டு ஆறு திங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். அன்று எனின் விற்றவரே நிறுவுதல் வேண்டும். 2019ஆம் ஆண்டுப் பணிப்புரை அக்காலத்தை ஓராண்டாக உயர்த்தியது. இந்தியா சோதிக்கும் உரிமையை நடுநிலையாளரிடம் கொடுத்தது. ஐரோப்பா சோதித்து நிறுவும் சுமையை விற்றவரிடம் கொடுத்தது.

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பெற்றது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றிய முறையீட்டை விசாரிக்கவும், நட்டஈடு வழங்கவோ பொருளை மாற்றித் தரவோ விலையைத் திருப்பிக் கொடுக்கவோ பணிக்கவும் அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. ஆயின், முறையீடு விற்பனை நடந்த மூன்று திங்களுக்குள் எழுத்தில் அளிக்கப்படுதல் வேண்டும். ஓராண்டு உத்தரவாதமுடைய ஒலிபெருக்கி நான்காம் திங்களில் வாயடைத்துப்போனால், உத்தரவாதம் உயிரோடிருக்க முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டிருக்கும். பாலாவிச் சந்தியிலிருந்து உள்ளொதுங்கி, கொழும்பிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஊரார்க்கு, திருத்தகத்துக்கு அனுப்பி விடைக்குக் காத்திருக்கும் நாள்களும் இம்மூன்று திங்களுள் அடங்கும் என்பது கருதத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் ஒன்று புலனாகின்றது. உரோமரின் ஆணை விற்போனின் அறியாமையைக் காரணமாக ஏற்கவில்லை. 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வாங்குவோனின் கண்ணையும் சொல்லையும் கணக்கிலெடுத்தது. பிற்காலச் சட்டங்கள் சிறு வாங்குவோனுக்கு முறையீட்டு மன்றத்தை அளித்தன. ஆயின், குறையின் காரணத்தைச் சொல்லும் உரிமை இலங்கையில் இன்னும் பெரும்பாலும் விற்றவரின் திருத்தகத்திலேயே தங்கியுள்ளது. நடுநிலையாளரின் சோதனையோ, விற்றவர்மீது சுமத்தப்படும் நிறுவற் கடமையோ சட்டத்தில் இடம்பெறும்வரை வாங்கியவரின் வாக்கு வலுவற்றதாகவே இருக்கும்.

அதுவரையில் வாங்கியவரிடம் எஞ்சியிருப்பது அறிவு ஒன்றே. மேலே கூறிய மாற்றிப் பார்த்தல், பல்மானி அளவு, மின்கலத் தொடுகை, விரலழுத்தம் ஆகிய சோதனைகளுள் எதுவும் முத்திரையை உடைப்பதில்லை. குழாய் ஒலிபெருக்கியின் முத்திரையிட்ட பகுதியை மட்டும் தொடாது விடுதல் வேண்டும். எந்நாளில் என்ன சோதனை செய்யப்பட்டது, மானி எத்தனை ஓம் காட்டியது, கருவியின் தொடரிலக்கம் யாது, வாங்கும்போது எந்நோக்கம் கூறப்பட்டது என்பவற்றைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து எழுதிவைக்கும் சங்கமோ பள்ளிவாசலோ தேவாலயமோ, திருத்தகத்தின் ஒருதலையான கூற்றை எதிர்கொள்ளத் தன் கையிலும் ஒரு சான்றை உடையதாகின்றது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் கோட்டையின் சுவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. மறைந்த குறைக்கு விற்றவனே விடைகூறல் வேண்டும் என்னும் நெறியோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அக்கரையில் வாழ்வோர்க்கு இன்று பயன்படுவது அதுவேயாகும்.